முந்நூறு கிராம் கூடுதல்

இரும்பு கடையும் லேத்துக்காரர்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. இருபது மில்லிமீட்டர் கேட்டால் இருபத்தொன்றில் நிறுத்தி, அங்கிருந்து பொறுமையாக இறங்கி வருவார்கள். கூடுதலாக இருந்தால் சீவிக்கொள்ளலாம், குறைந்துபோனால் எந்தத் தெய்வம் வந்து இரும்பை ஒட்டவைக்கும்? தொழிலுக்கு நல்ல சுபாவம்தான். அதே சுபாவத்தோடு ஒரு ஆள் வீட்டுக்கும் வந்தால் பெண்டாட்டி பாடுதான் திண்டாட்டம்.

கலைவாணன் அப்படிப்பட்ட ஆள். பூர்ணிமாவுக்குச் செருப்பு வாங்கினால் ஒரு நம்பர் பெரிதாக வாங்குவான். ஏழு மணி ரயிலுக்கு ஐந்து மணிக்கே ஸ்டேஷனில் உட்காரவைப்பான். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிவா என்றால் ஒரு கிலோ வரும், அதில் பாதி முற்றல்.

பூர்ணிமா இதற்கு நேர்மாறு. மூலக்குளத்தில் வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். "ஒரு கரண்டி சேத்துதான் போடேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சேத்து வேணும்னா ரெண்டு கிலோவா வாங்கிக்கக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். கலைவாணனுக்கு அவள் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள், நீ என்றுதான் பேசுவாள்.

மாவு வியாபாரத்துக்கு முன்னால் அவள் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அங்கே பிரஸ் மெஷின் இறங்கியதில் இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுபோயின. ஆறு மாதம் அந்தக் கையை அவள் யாருக்கும் காட்டவில்லை. முந்தானைக்குள் இருக்கும், இல்லையென்றால் தட்டுக்கு அடியில் இருக்கும். கட்டிய புருஷன் எதிரில் சாப்பிடும்போதுகூட அப்படித்தான்.

அதை வெளியே கொண்டுவந்தது மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவளுடைய வண்டிதான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர் மன்றத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள் அல்லவா, கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேருகிறவருக்குப் பரிசு. பதினாறு வயதிலிருந்து அதில் பூர்ணிமாவை எவரும் ஜெயித்ததில்லை. பிறகு பைக்கில் அதே மாதிரி ஒரு போட்டி வந்தது. டிரையல்ஸ் என்று பெயர். பாறை, சிமெண்ட் குழாய், மரக்கட்டை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அவற்றின் மேல் ஏறி இறங்க வேண்டும், கால் தரையில் படக்கூடாது. ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, எஞ்சின் நின்று வண்டி சாய்ந்தால் ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர்தான் ஜெயித்தவர். பழைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டி அவளுக்குத் தயார் பண்ணிக் கொடுத்தவனும் கலைவாணன்தான். அப்போது அவனுக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் அந்த பிரஸ் மெஷினோடு வந்தது.

கை ஆறியபின் ஒருநாள் அவளாகவே வண்டி மேல் மூடியிருந்த பழைய போர்வையை எடுத்தாள். கிளட்ச் பிடிக்க மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நேர் ரோட்டில் அது போதும். பாறை மேல் போதவில்லை. ஆமை வேகத்தில் ஏறும்போது கிளட்சை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும். பத்து நிமிஷத்தில் அந்த இரண்டு விரலும் மரத்துப்போகும். வண்டி 'டப்' என்று நிற்கும், அவள் சாய்வாள். ஆனாலும் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். இடது கையை எல்லார் எதிரிலும் ஆட்டி ஆட்டிப் பேசுவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவளே வழி கண்டுபிடித்து வந்தாள்.

"மாமா, எங்கூட டிரையல்ஸ் ஓட்டுற இளஞ்செழியன் வண்டிக்கு ஃப்ளைவீல்ல வெயிட்டு ஏத்தியிருக்காரு. அதே வண்டிதான். அறநூறு கிராம். எஞ்சினு அணையவே மாட்டேங்குது. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

"அது இன்னாத்துக்கு?"

"கிரைண்டர ஆஃப் பண்ணாலும் கல்லு நாலு சுத்து சுத்திட்டுதான நிக்குது? அந்த மாதிரி. எஞ்சினு தெணறும்போது அந்தக் கனம் ஒரு இழுப்பு இழுத்துக் குடுத்துடும். நான் கிளட்ச்ச அவ்ளோ தடவ புடிக்க வேணாம்."

லேத்துக்காரனுக்கே பாடம். ஆனால் சொன்னது அத்தனையும் சரி. எஞ்சினின் இடது பக்கம் மேக்னட்டோடு சேர்ந்து சுற்றும் சக்கரம் அது. அதன் மேல் ஒரு இரும்பு வளையத்தை நட்டுப்போட்டு இறுக்கினால் முடிந்தது வேலை. அவள் சாக்பீஸை எடுத்து, அவன் சாப்பாட்டுப் பையை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் சுவரில் '600' என்று எழுதிவைத்தாள். ஆளைத் தெரியும் அல்லவா?

உழவர்கரையில் அவன் வேலை செய்யும் பட்டறையில், முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை வளையத்தைக் கடைந்தான். துளைகளைச் சரியாகப் போட்டான். ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தான், முள் அசையவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. வெளிவட்டத்தைச் சீவிக்கொண்டே வந்து தராசில் வைத்தபோது தொள்ளாயிரம் காட்டியது. இன்னும் முந்நூறு இறங்க வேண்டும்.

அங்கே நிறுத்திவிட்டான்.

அறுநூறில் அணையாமல் இருந்தால் சரி, அணைந்துவிட்டால்? கருங்கல் மேல் இடது பக்கமாகச் சாய்ந்து, தாங்கிக்கொள்ள அந்தக் கையையே ஊன்றினால்? கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அறையில் பார்த்த அந்தக் கை அவன் கண் முன்னால் வந்தது. தொள்ளாயிரமாக இருந்தால் எஞ்சின் சாகவே சாகாது. வேண்டாமென்றால் பிறகு சீவிக்கொள்ளலாம், அறுத்தது ஒட்டுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்புதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

வீட்டில் அவன் வண்டிக்கு வளையத்தை மாட்டும்போது அவள் நாலடி தள்ளி மாவு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். தராசும் அங்கேதான் இருந்தது.

"அறநூறுதான மாமா?"

"அறநூறுதான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லியான பின் அதை எப்படித் திருப்பி எடுப்பது?

தவளக்குப்பத்துக்கு மேற்கே ஜானகிராமனுடைய யார்டு இருக்கிறது. அவர் காண்ட்ராக்டர். கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டக் கொண்டுவந்து மீந்துபோன கருங்கற்கள் அங்கே யானைக் குட்டி உயரத்துக்குக் கிடக்கின்றன. போட்டியை நடத்துகிறவரும் அவர்தான், பழகிக்கொள்ள இடம் கொடுப்பவரும் அவர்தான்.

முதல் நாள் சமதரையில் பூர்ணிமா சந்தோஷப்பட்டாள். ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகப் போனாலும் எஞ்சின் 'டக்... டக்...' என்று உயிரோடு இருந்தது. "அணையல மாமா" என்று கத்தினாள். கலைவாணனுக்கும் மனசு குளிர்ந்தது.

மறுநாள் கல்லில் ஏறும்போது வண்டி முறுக்கிக்கொண்டது. முன்சக்கரத்தைத் தூக்க ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் யோசித்து யோசித்து வேகம் பிடித்தது. அதற்குள் சக்கரம் கல்லில் முட்டியது. உச்சியில் நிறுத்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி நிற்காமல் உந்திக்கொண்டே போய் அவளை அந்தப் பக்கம் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. கல்லுக்குத் தக்க கனம் இல்லை அது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

ஓரமாக நின்றிருந்த கலைவாணனுக்கு அது ஒரே பார்வையில் புரிந்தது. பூர்ணிமாவுக்குப் புரிந்தது வேறு.

"ஒரே வண்டி, ஒரே வெயிட்டு. இளஞ்செழியன் ஏறுறாரு, நான் ஏற மாட்டேங்கிறேன்" என்றாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து. "கையிதான் மாமா. புடிக்க வேண்டிய நேரத்துக்குப் புடிக்க மாட்டேங்குது."

அந்த நிமிஷம் அவன் சொல்லியிருக்கலாம். தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அன்றிலிருந்து இரண்டு வாரம். டிவி பார்க்கும்போது, அரிசி ஊறும்போது, வாசலில் வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும்போது அவள் இடது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். மீதமிருந்த விரல்கள் வீங்கின. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை முக்கிவைத்துக்கொண்டு மறுபடி பந்தை எடுத்தாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? கலைவாணனுக்கு வீட்டுக்குள் நடக்கவே பயமாக இருந்தது. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனால் அவன்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பேசாமல் போனான்.

திட்டுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அவனுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. இவள் சலித்துப்போய் விட்டுவிட்டால் நல்லதுதானே? ஞாயிற்றுக்கிழமை வந்தால் யார்டு ஓரத்தில் பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. நான் எதுவும் தடுக்கவில்லை, அவளாகத்தான் விட்டாள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது உண்மை.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள்.

"ஜானகிராமன் சாருக்கு நாளைக்குப் போன் பண்ணி என் பேர எடுத்துடச் சொல்லப்போறேன்."

"ஏன்?"

"போன கையி போனதுதான் மாமா. ஏத்திக் குடுத்த வெயிட்டாலயும் முடியலன்னா அப்புறம் இன்னா இருக்கு? வண்டிய யாருக்காவது குடுத்துடு."

அழவில்லை. குழம்பு காரமா என்று கேட்டாள். கலைவாணனுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. காரமில்லை என்று சொல்லத் தலையைத் தூக்கினான். அவளுடைய இடது கை தட்டுக்கு அடியில் இருந்தது.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும், அவள் மாவு போட்டுக்கொண்டிருக்கும்போதே, வண்டியின் இடது பக்கக் கவரைக் கழற்றி வளையத்தைப் பிரித்துப் பையில் போட்டான். "இன்னா பண்ற?" என்றாள். "போன் மட்டும் இப்ப பண்ணாத. மத்தியானம் வரைக்கும் பொறு" என்றான். பட்டறையில் வளையத்தை லேத்துச் சக்கில் மாட்டினான். இந்தமுறை ஒரு கிராம்கூட விட்டுவைக்கவில்லை. சீவச் சீவ இரும்பு நீல நீலமாகச் சுருண்டு விழுந்தது. பக்கத்து லேத்தில் இருந்த இராமதாஸ் எட்டிப் பார்த்து, "அன்னிக்கே முடிச்ச வேலதான இது?" என்று கேட்டான். "முடிக்கல" என்றான் கலைவாணன். தராசு அறுநூறு காட்டியது. கீழே கிடந்த சுருளை ஒரு துணுக்குவிடாமல் வாரி, ஒரு பழைய துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து வளையத்தையும் துணிப்பையையும் அவளுடைய தராசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அன்னிக்குத் தொள்ளாயிரம் வச்சிட்டேன் பூர்ணி. அறநூறுன்னு பொய் சொன்னேன். வண்டி ஏறாததுக்கு உன் கையி காரணம் இல்ல. நான்தான்."

பூர்ணிமா அவனைப் பார்க்கவில்லை. வளையத்தைத் தராசில் வைத்தாள். அறுநூறு. எடுத்துவிட்டுப் பையை வைத்தாள். முந்நூற்று இருபது, பையோடு சேர்த்து.

"பதினஞ்சு நாளு" என்றாள். "பதினஞ்சு நாளா இந்தக் கையத் திட்டிகிட்டு இருந்தேன். நீ பந்த எடுத்துக் குடுத்த."

"ஆமா."

"நான் உழுந்துடுவேன்னு பயந்தியா?"

"ஆமா."

"நானும்தான் பயப்படுறேன். பயந்துகிட்டேதான் ஓட்டுறேன். உழுந்தா என் ஒடம்புதான உழுவுது? உழட்டும். அதுக்குன்னு எனக்குத் தெரியாம என் வண்டில உன் பயத்த மாட்டி வச்சிருக்க."

அவள் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாவு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அவனே நிறுத்துக் கொடுத்தான், கிராம் பிசகாமல். இருட்டும் நேரத்தில் வெளியே வந்தவள், "மாட்டு. நாளைக்குப் போய் ஓட்டிப் பாக்கணும்" என்றாள். அதற்குமேல் ஞாயிறு வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை யார்டுக்குத் தனியாகவே போய்த் தனியாகவே வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர். பெண் இவள் ஒருத்திதான். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். டூல் பையிலிருந்து அந்தத் துணிப்பையை எடுத்தாள். அவன் கட்டி வந்த முடிச்சுகூட அவிழாமல் இருந்தது.

"இது உன்னோடது. நீ வச்சிக்க" என்று அவன் கையில் கொடுத்தாள். "நான் முடிக்கிற வரைக்கும் கீழ வைக்காத. கயித்தத் தாண்டி உள்ளயும் வராத."

மரக்கட்டை, மணல்மேடு, சிமெண்ட் குழாய் வரைக்கும் ஒரு புள்ளிதான் ஏறியது. கடைசியில் மூன்று கருங்கற்கள். முதல் கல்லில் முன்சக்கரம் சொன்னபடி எழும்பியது. இரண்டாவதன் உச்சியில் அவள் ஆக்ஸிலேட்டரை விட, வண்டி உந்தாமல் நத்தையாக ஊர்ந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. டக்... டக்...... டக். தொள்ளாயிரமாக இருந்தால் இப்படித் தேயாது என்று கலைவாணனுக்குத் தெரியும். கையில் இருந்ததை இறுக்கினான். அவள் கிளட்சைத் தொடவில்லை. அந்த அறுநூறை நம்பி விட்டுவிட்டுக் காத்திருந்தாள். சத்தம் அணையாமல் மெல்லத் திரும்பி வந்தது. வண்டி அடுத்த கல்லுக்குப் போனது.

மூன்றாவது கல்லில் விழுந்தாள்.

இடது பக்கமாகத்தான், அவன் இத்தனை நாள் பயந்தது போலவே. அந்தக் கையை ஊன்றித்தான் விழுந்தாள். அவன் காலைக் கயிற்றுக்கு மேலே தூக்கிவிட்டான். ஜானகிராமன், "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தார். கலைவாணன் தூக்கிய காலை அதே இடத்தில் இறக்கினான். பூர்ணிமா கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். மண்ணைத் தட்டினாள். வண்டியை நிமிர்த்தி உதைத்துக் கிளப்பி, மீதித் தூரத்தை ஓட்டி முடித்தாள்.

பதினோரு பேரில் ஆறாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவனிடம் வந்தவள் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் இருந்தது.

"குடு" என்றாள்.

அவன் கையை நீட்டினான். விரல்கள் சட்டென்று விரியவில்லை. துணியைக் குத்திக்கொண்டு இரும்புச் சுருள் உள்ளங்கையில் நாலைந்து இடத்தில் இறங்கியிருந்தது. அதுவரைக்கும் அவனுக்குத் தெரியவே இல்லை. பூர்ணிமா பையை வாங்கிக் கீழே போட்டாள். அவன் கையை வலது கையால் ஏந்திக்கொண்டு, ஜானகிராமனும் இளஞ்செழியனும் இன்னும் இத்தனை பேரும் பார்க்க, இடது கையின் மோதிர விரலாலும் கட்டைவிரலாலும் ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கி எடுத்தாள்.

"அடுத்த போட்டிக்கு ஐநூறு போதும் மாமா" என்றாள் தலையைத் தூக்காமல்.

இன்னும் நூறு குறைந்தால் எஞ்சின் இன்னும் சீக்கிரம் அணையும் என்று கலைவாணனுக்குத் தெரியும்.

"ஐநூறுன்னா ஐநூறு" என்றான்.